டாலஸுக்கு வருகிறீர்களா? வீடு வாங்கும் முன் ஓராண்டு பொறுங்கள்

டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் – போர்ட்வொர்த் பெருநகரப் பகுதியில் 2010 கணக்கெடுப்பின்போது சுமார் 63.7 லட்சம் பேர் வசித்தார்கள். 2020இல் அது 76.4 லட்சமானது, 2023 மதிப்பீட்டில் 81 லட்சத்தைத் தொட்டது. 2022 ஜூலை தொடங்கி ஓராண்டில் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவின் வேறெந்தப் பெருநகரமும் எண்ணிக்கையில் இவ்வளவு வளரவில்லை. நீங்களும் இனி இந்தக் கணக்கில் சேரப்போகிறீர்கள்.

வேலை உறுதியானதும் எல்லோரும் கேட்பது எந்த ஊரில் வீடு வாங்கலாம் என்றுதான். முதல் ஆண்டிலேயே அகலக்கால் வைக்காதீர்கள். இர்விங், ரிச்சர்ட்சன், பிளேனோ போன்ற ஊர்களில் அலுவலகத்துக்குப் பக்கமாக ஓர் அப்பார்ட்மெண்டில் இருந்துகொண்டு சுற்றிப் பாருங்கள். இந்தப் பகுதியின் வளர்ச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை, வடக்கே நகர்ந்துகொண்டே போகிறது. அது இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இந்த ஓராண்டு.

பிரிஸ்கோவைப் பாருங்கள். 2000இல் 33 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊர், 2020இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017இல் பிளேனோவில் திறந்தது. அதே வட்டாரத்துக்கு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வந்தன. வேலை வடக்கே போனதும் வீடுகளும் பின்னாலேயே போயின. பிரிஸ்கோவில் விலை ஏறியபின் மக்கள் பிராஸ்பருக்கும் செலைனாவுக்கும் போகிறார்கள். 2010இல் ஆறாயிரம் பேர் இருந்த செலைனாவில் 2023இல் 43 ஆயிரம் பேர்.

இந்த நகர்வைப் பள்ளிகளில் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு காலத்தில் எல்லோரும் தேடிப்போன பிளேனோ பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததால் நான்கு பள்ளிகளை மூட 2024இல் முடிவெடுத்தது. வீட்டு விலை இளம் குடும்பங்களுக்கு எட்டாமல் போய்விட்டது. பழைய குடும்பங்களின் பிள்ளைகளோ வளர்ந்து வெளியேறிவிட்டார்கள். ஓரத்து ஊர்களில் நிலைமை நேர்மாறு. பள்ளி திறந்த வேகத்தில் நிரம்பிவிடும். அடுத்த பள்ளி வந்ததும் எல்லைகளை மாற்றி வரைவார்கள். "இந்த வீட்டுக்கு இந்தப் பள்ளி" என்று பில்டரின் விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். முகவரியைக் கொடுத்துப் பள்ளி மாவட்டத்திடமே கேளுங்கள். ஊர் எல்லை வேறு, பள்ளி மாவட்ட எல்லை வேறு. பிரிஸ்கோ பள்ளி மாவட்டத்துக்குள் பிளேனோ, மெக்கின்னி முகவரிகளும் உண்டு.

எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் குழாயும் சாலையும் கூடவே வளர வேண்டும். இந்தப் பகுதியில் உள்ள பிரின்ஸ்டன் என்ற சிற்றூர் 2023–24இல் ஓராண்டுக்குள் 30 விழுக்காடு வளர்ந்தது. தண்ணீர், கழிவுநீர், சாலை, காவல் எதுவும் ஈடுகொடுக்க முடியாமல், புதிய குடியிருப்புத் திட்டங்களை 2024 செப்டம்பரில் நகர்மன்றம் தற்காலிகமாக நிறுத்தியது. மலிவான புது வீடு கண்ணில் பட்டால், காலை எட்டு மணிக்கு அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு ஒரு முறை காரில் போய்ப் பாருங்கள். இந்த வடக்கு ஊர்கள் வழியே போகும் 380 நெடுஞ்சாலையின் நெரிசல் வரைபடத்தில் தெரியாது. பிரிஸ்கோவும் மெக்கின்னியும் டாலஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்தான டார்ட் ரயில் அமைப்பில் இல்லை. கார்தான் ஒரே வழி. சுங்கச் சாலைகளில் தினமும் போக வேண்டியிருந்தால் கட்டணத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளும் டோல்டேக் வில்லையைக் காருக்கு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டணம் கூடுதலாக வரும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்கு ஈடாகச் சொத்து வரி பல இடங்களில் ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் 2 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். புதுக் குடியிருப்புகள் சிலவற்றில், குழாயும் சாலையும் போட வாங்கிய கடனுக்காக எம்.யு.டி. (குடிநீர், கழிவுநீர் போன்ற வசதிகளுக்கான வட்டாரம்), பி.ஐ.டி. (பொது மேம்பாட்டு வட்டாரம்) என்ற பெயர்களில் தனியாகவும் கட்ட வேண்டும்.

வரிக்கான மதிப்பை ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி கணிக்கிறார்கள். அன்று உங்கள் மனை வெறும் நிலமாக இருந்திருந்தால், அந்த ஆண்டு வரி நிலத்துக்கு மட்டுமே. ஓர் உதாரணம்: நிலம் 1.2 லட்சம் டாலர் என்றால் 2 விழுக்காட்டில் வரி மாதம் 200 டாலர். அடுத்த ஆண்டு வீட்டோடு சேர்த்து 5 லட்சம் என்று மதிப்பிட்டால், அதுவே 833 டாலர் ஆகும். கடன் கொடுத்தவர், வரிக்கென்று தவணையோடு பணம் சேர்க்கும் எஸ்க்ரோ கணக்கில், நிலத்துக்கான வரியை மட்டுமே பிடித்து வந்திருந்தால், பற்றாக்குறைப் பாக்கியும் சேர்ந்து மாதத் தவணை திடீரென்று எகிறும். இரண்டு சம்பளத்தை நம்பித் திட்டமிட்ட இளம் தம்பதிகளை இது திணறடிக்கிறது. முழு வீட்டு மதிப்புக்கான வரியைப் போட்டுத் தவணையைக் கணக்கிடச் சொல்லி முதலிலேயே கேளுங்கள்.

குடியேறியதும், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியைக் குறைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். விலக்கு கிடைத்த அடுத்த ஆண்டு முதல், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் பொதுவாக மே 15க்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை. நம்மவர்களில் பலர் அரசு அலுவலகம் என்று தயங்கி இதை விட்டுவிடுகிறார்கள். தயங்காதீர்கள், இது உங்கள் உரிமை.

மின்சாரம்: பெரும்பாலான இடங்களில் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பவர் டு சூஸ் என்ற அரசுத் தளத்தில் ஒப்பிடுங்கள். மாதம் 1,000 யூனிட் பயன்படுத்தினால் மட்டும் மலிவாகக் காட்டும் திட்டங்கள் உண்டு. கோடையில் ஏசி ஓடும்போது எவ்வளவு வரும் என்று பாருங்கள். டென்டன், கார்லண்ட் போன்ற ஊர்களில் நகராட்சியே மின்சாரம் தருகிறது, அங்கே இந்தத் தேர்வு இல்லை.

குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்தே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு அதையும் வாடகை ஒப்பந்தத்தையும் கேட்பார்கள். ஆட்களைத் தெரிந்துகொள்ள மெட்ரோபிளெக்ஸ் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பிளேனோ கணேசர் கோயிலிலும் பிரிஸ்கோ அனுமன் கோயிலிலும் வார இறுதியில் தமிழ்க் குரல் கேட்கும். அங்கே யாரிடமாவது, அவர்கள் ஊரில் சென்ற ஆண்டு சொத்து வரி எவ்வளவு கட்டினார்கள் என்று கேளுங்கள், தாராளமாகச் சொல்வார்கள்.