தம்பிக்கு ஒரு நினைவு மலர்: 31 நாளுக்குள் செய்வது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். பழைய ஆட்கள் கல்வெட்டு என்பார்கள், இப்போது நினைவு மலர். எங்கள் வீட்டு அலுமாரியில் மட்டும் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. அம்மப்பாவுடையது, பெரியம்மாவுடையது, அப்பாவோடு வேலை செய்தவர்களுடையது என்று.

2024 செப்டெம்பர் 10ஆம் திகதி, நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடியிறங்கி ஒரு கிழமை கழிந்திருந்தது. தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் போனான். 22 வயது. மலர் செய்யும் வேலை மூத்தவள் என்று என் தலையில் விழுந்தது. அலுமாரியில் இருந்த அத்தனையையும் எடுத்து விறாந்தையில் பரப்பிப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. எல்லாம் வாழ்ந்து முடித்தவர்களுக்குச் செய்தவை. வகித்த பதவி, கட்டிய கோயில், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். அவனுக்கு இதில் எதை எழுதுவது?

உங்களுக்கு இந்த வேலை வரவே கூடாது. வந்துவிட்டால், நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை மலரைப் பற்றி யோசிக்கவேண்டாம். ஒன்றை மட்டும் முதல் நாளே செய்யுங்கள்: போனை யாராவது பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துச் சார்ஜில் போட்டு வையுங்கள். வட்ஸ்அப் கணக்கு 120 நாள் பாவிக்காமல் கிடந்தால் பொதுவாக அழிக்கப்பட்டுவிடும். சிம்மும் நெடுநாள் சும்மா கிடந்தால் இலக்கம் வேறொருவருக்குப் போகும், அதனால் ரீலோட் போட்டு வைத்தோம். தம்பியின் போனைத் திறக்கும் கோலம் அவனுடைய கூட்டாளி ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியாது. அதையிட்டு அம்மா கொஞ்சம் கவலைப்பட்டா. நான் படவில்லை, எனக்கும் 22 வயது இருந்தது. திறந்தவுடன் படங்களையும் குரல் பதிவுகளையும் ஒரு கணினிக்கும் ஒரு பென்டிரைவுக்கும் மாற்றிவிடுங்கள். மற்றவர்களோடு அவன் கதைத்ததைத் தோண்டாதீர்கள். உங்களுக்கு அனுப்பியது உங்கள் போனிலேயே இருக்கும். அதுவே போதும்.

ஒன்பதாம் நாள் தொடங்கி இருபதாம் நாளுக்குள் எழுத்து வேலை முடியவேண்டும். அச்சகத்துக்கு ஒரு கிழமை, பிழை திருத்த மூன்று நாள் என்று பின்னாலிருந்து எண்ணுங்கள். எங்கள் 31ஆம் நாள் ஒக்டோபர் 10இல் வந்தது. நவராத்திரிக் காலம். சரஸ்வதி பூசைக்கு அச்சகம் பூட்டுவார்கள் என்பது 18ஆம் நாள்தான் மண்டைக்குள் ஏறியது. முதலே நாட்காட்டியைப் பாருங்கள்.

நினைவுகளைச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. நான் முதலில் செய்த பிழை, எல்லோரிடமும் “தம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ” என்று கேட்டது. வந்தவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பூவாகி, காயாகி, கனியாகுமுன் உதிர்ந்தாய். காலனுக்குக் கண்ணில்லையா. எழுதினவர்களில் பிழையில்லை, துக்கத்தில் கை தானாக அந்த வழிக்குத்தான் போகும். ஆனால் பெயரை மாற்றினால் யாருடைய மலரிலும் அவற்றைப் போடலாம்.

அப்புறம் வழியை மாற்றினேன். போனில் பதிவை ஓடவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டேன்: “அவன் உங்களிட்டக் கடைசியா என்ன இரவல் வாங்கினவன்?” அல்லது, “உங்களுக்கு என்ன திருத்தித் தந்தவன்?” தம்பி தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடையில் வேலை செய்தவன். ஒழுங்கையில் உள்ள சைக்கிள், மிக்சி, மின்விசிறி எல்லாம் பின்னேரங்களில் எங்கள் வீட்டு மாமரத்தடிக்கு வரும். இந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. பின்வீட்டு ஆச்சி, தன் றேடியோவைத் திருத்தித் தந்துவிட்டுக் காசு வேண்டாமல் ஒடியல் கூழ் கேட்டான் என்றா. சின்ன மாமா, அவன் வாங்கிக்கொண்டு போன ஏணி இன்னும் வரவில்லை என்றார். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். ஏணி எங்கள் கிணற்றடியில்தான் கிடந்தது. நீங்களும் ஆளுக்கேற்ற மாதிரி ஒரு கேள்வியைக் கண்டுபிடியுங்கள். கிரிக்கெட் விளையாடின பிள்ளை என்றால் “அவனை எப்படி அவுட் ஆக்கலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். பதிவை அப்படியே எழுத்தாக்குங்கள், அழகுபடுத்தாதீர்கள்.

அம்மாவால் எழுத ஏலாது. அவ அடுப்படியில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என்ன சாப்பிடுவான், என்ன தொடமாட்டான் என்று மட்டும் சொன்னா. குரக்கன் புட்டு என்றால் பள்ளிக்கூடக் காலத்திலேயே நாய்க்குப் போட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவிவைப்பானாம். அது அவவுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. இது முழுப் பக்கமாக வந்தது.

அப்பா எழுதமாட்டன் என்றுவிட்டார். தனக்குக் கொள்ளி வைக்கவேண்டியவனுக்குக் கொள்ளி வைத்த மனிதனை யார் வற்புறுத்துவது? விட்டுவிட்டோம். 24ஆம் நாள், எல்லாம் அச்சகத்துக்குப் போன பிறகு, மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். “மகனுடைய ஸ்பனர் செட்டில் 14ஆம் இலக்கம் இல்லை. யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தரவும்.” கீழே அப்பா என்று. பெரியப்பா, இதையெல்லாம் மலரில் போடுவதா என்று கேட்டார். போட்டோம், ஒரு பக்கத்தில் அது மட்டும். அதனால் சொல்கிறேன், ஒரு பக்கத்தைக் கடைசிவரை வெறுமையாக வைத்திருங்கள். அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் விடிய, எங்கள் கேற்றில் ஒரு சொப்பிங் பை தொங்கியது. உள்ளே அந்த ஸ்பனர். யார் கொண்டுவந்தது என்று இன்றுவரை தெரியாது.

அடுத்தது மொழிச் சண்டை. மரண அறிவித்தலுக்கு எங்களிடம் ஒரு வார்ப்பு இருக்கிறது: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர், அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரனும் ஆவார். எங்கள் சின்னவனை ‘அன்னார்’ என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, உடனேயே அழுகையும். பெயருக்கு முன்னால் ‘அமரர்’ போடவும் அம்மா விடவில்லை. பெரியப்பாவுக்கோ அச்சில் ‘அவன்’ என்று வருவது மரியாதைக் குறைவு. இரண்டு நாள் இழுபட்டோம். முடிவில், வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் மட்டும் வழமைப்படி ‘அவர்’, மற்ற எல்லா இடத்திலும் ‘அவன்’, அட்டையில் வெறும் பெயர், அடைப்புக்குள் ‘சின்னவன்’. இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் முழுதாகத் தோற்கமாட்டார்கள்.

எப்படி இறந்தான் என்பதற்கு ஒரு வரி போதும். வருகிறவர்கள் எப்படியும் கேட்பார்கள், வாயால் சொல்லலாம். ஐம்பது வருடம் அலுமாரியில் கிடக்கப்போகிற தாளில் அந்தச் சந்தியும் அந்த லொறியும் வேண்டாம்.

திதியில் கவனமாக இருங்கள். வழமையாக முதற் பக்கத்தில் திதி வெண்பா வரும். வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி எல்லாம் நாலடிக்குள் அடங்கவேண்டும். இது அலங்காரத்துக்கு அல்ல, எந்த நாளில் திவசம் செய்வது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியத்தான். தம்பிக்குக் குரோதி வருடம், ஆவணி மாதம், பூர்வபக்க (வளர்பிறை) சப்தமி. ஐயரிடம் கேட்கும்போது திகதியை மட்டும் சொல்லாமல் உயிர் பிரிந்த நேரத்தையும் சொல்லுங்கள், ஒரு நாளுக்குள்ளேயே திதி மாறும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மணிக்கணக்கு வித்தியாசம் இருப்பதால், உங்கள் வீட்டில் எதைப் பார்ப்பது என்று முதலே பேசி முடியுங்கள். சந்திரக் கணக்கில் 12 மாதம் ஏறக்குறைய 354 நாள்தான். அதனால் தம்பியின் ஆட்டைத் திதி, அதாவது முதல் வருடத் திவசம், 2025 ஓகஸ்ட் 30இலேயே வந்துவிட்டது, ஆங்கிலத் திகதிக்கு 11 நாள் முந்தி. வெண்பா எங்களுக்கு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் எழுதித் தந்தார். அச்சகங்களில் பெயரை மட்டும் மாற்றிப் போடும் வெண்பாக்களும் கிடைக்கும். அவற்றை எடுத்தால் சீர் உடைந்துவிடும், ஆனால் பாதிப் பேருக்குத் தெரியாது.

தேவாரம் முதலான பஞ்சபுராணமும் சிவபுராணமும் போடுவது வழக்கம், அச்சகத்திலேயே இருக்கும். அதற்கு நேரம் செலவழிக்கவேண்டாம்.

படத்துக்கு வருவோம். அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தால் கோட்டும் ரையும் ஒட்டி, பின்னால் முகில் போட்டு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கும் வைத்துத் தருவார்கள். தம்பி வாழ்நாளில் கோட் போட்டதில்லை. நாங்கள் கொடுத்தது, மாமரத்தடியில் கையெல்லாம் கிறீஸோடு நிமிர்ந்து பார்க்கிற படம். பின்னால் உடுப்புக் கொடி தெரிகிறது. அதை அழிக்கவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம். வட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஏ5 அளவுப் பக்கம் முழுதாக ஒரு படம் தெளிவாக விழுவதற்கு ஏறக்குறைய 1750க்கு 2480 புள்ளிகள் இருந்தால் நல்லது. குறைந்தால் அரைப் பக்கமாகப் போடுங்கள்.

பக்கங்களின் எண்ணிக்கை நாலால் பிரிபடவேண்டும், நடுவில் மடித்துக் கம்பி குத்துவதால். எங்களுடையது அட்டை நீங்கலாக 32. அச்சகத்தில் இன்னும் யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருதான் பாவிக்கிறார்கள் என்றால், நீங்கள் போனில் தட்டிய யூனிகோட்டை மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் கொம்புகளும் இடம்மாறும். ஆகவே திரையில் அல்ல, தாளில் எடுத்துத் திருத்துங்கள். உறவுப் பெயர்களை அம்மா பக்கத்தில் ஒருவருக்கும் அப்பா பக்கத்தில் ஒருவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும். கனடாவில் இருக்கிற மச்சானின் பெயர் விடுபட்டால் அது அடுத்த கல்யாண வீடுவரை வரும். நான் கனடாவைக் கவனித்துக்கொண்டு, பக்கத்து ஒழுங்கைச் சித்தப்பாவின் முதலெழுத்தைப் பிழையாக விட்டுவிட்டேன். 250 பிரதியிலும் துண்டுக் காகிதம் வெட்டி ஒட்ட விடியப்புறம் மூன்று மணியாகிவிட்டது. நன்றி நவிலலில், அன்று அவனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பையனைப் பெயர் தெரியாமலே சேர்த்தோம். இப்படியானவர்களை மறக்கவேண்டாம்.

இனி, எனக்குப் பிடித்த பக்கங்கள். பழைய கல்வெட்டுகள் சிலவற்றில் கைமருந்துக் குறிப்போ சமையல் குறிப்போ இருக்கும், வாங்கிப்போகிறவருக்குப் பயன்படட்டும் என்று. நான் வவுனியாவில் வேலையாக இருந்தபோது ஒருநாள் சைக்கிள் காற்றுப் போய், தம்பிக்குச் செய்தி போட்டேன். நாலு நிமிடக் குரல் பதிவு வந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி 26ஆம், 27ஆம் பக்கங்களில் போட்டோம்.

கரண்டிக் காம்பால் ரயரை நெம்பு, இரும்பால் நெம்பினால் ரியூப் கிழியும். காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்து, குமிழி வருகிற இடத்தைப் பேனையால் சுற்று. ஈரம் துடைத்து அரத்தாளால் உரஞ்சு. சொலூசன் பூசினவுடன் ஒட்டை வைக்காதே, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவேண்டும். இந்த இடத்தில் அவன் கொஞ்சம் நிற்கிறான், எங்கேயோ காகம் கத்துகிறது. “பொறு அக்கா, அவசரப்படாதை. ஊதவும் கூடாது.” பிறகு ஒட்டை வைத்து நடுவிலிருந்து வெளியே அமத்து. ரியூப்பைத் திரும்பப் போட முதல் ரயரின் உள்பக்கத்தை விரலால் முழுதாகத் தடவு, முள்ளு அங்கேதான் இருக்கும். அதை எடுக்காமல் ஒட்டுப் போடுகிறவன் நாளைக்கும் ஒட்டுப் போடுவான்.

காகத்தையும் அடைப்புக்குள் போட்டேன். பிழை திருத்தினவர் வெட்டினார், திரும்பவும் போட்டேன்.

பிரதிகளைக் கொடுக்கும்போது அந்தியேட்டிக்கு வராத, ஆனால் அவன் வேலை செய்த வீடுகளையும் நினைவில் வைத்திருங்கள். ஐந்தாறு பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கறையான் ஏறாத இடத்தில் வையுங்கள். நூலகம் நிறுவனம் இப்படியான நினைவு மலர்களையும் எண்ணிமமாக்கித் தன் இணைய நூலகத்தில் வைக்கிறது. ஒரு பிரதியும் அச்சுக்குப் போன பிடிஎப் கோப்பும் அவர்களுக்கு அனுப்பலாம்.

ஆட்டைத் திதியன்று படைத்து முடிய, பக்கத்து ஒழுங்கைப் பொடியன் ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். பின் சில்லில் காற்றில்லை. கையில் மலரின் ஒரு தாள் மட்டும், கிறீஸ் பட்டு மடிப்பில் கிழிந்து போயிருந்தது. வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான். அலுமாரியில் 11 இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பார்க்காமல் 27ஐத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்களிட்ட அரத்தாள் இருக்கே?” என்றான்.