ஏஸ் ஜோடி வந்தால் ஏன் பதுங்குகிறீர்கள்?

சாரல் விடாமல் பெய்தால் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும். வேலையில்லாத அந்த நாட்களில் கைபேசியில் போக்கர் மேசை திறக்கும். எதிர்ப்பக்கம் துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மச்சான் உட்கார்ந்திருப்பார். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டதால், இங்கே பேசுவது இலவச சிப்ஸ் மேசைகளைப் பற்றித்தான். இங்கே யாரும் எளிதில் ஃபோல்ட் செய்வதில்லை, அதாவது சீட்டை வீசி விலகுவதில்லை. அதை மறப்பதால்தான் நல்ல கைகள் வீணாகின்றன.

ஏஸ் ஜோடி, அதாவது கையில் வரும் இரண்டு சீட்டும் ஏஸ், சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறைதான் வரும். ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்) எல்லாரும் ஓடிவிடுவார்களே என்று பயந்து, வெறும் கால் (call: இருக்கும் பந்தயத்துக்குச் சமமாகக் கட்டுவது) போட்டுப் பதுங்குகிறார்கள். ஓடமாட்டார்கள், மக்களே! எந்தச் சீட்டோடும் ஒருவர் மட்டும் எதிரே நின்றால், கடைசிவரை போகும்போது ஏஸ் ஜோடி சுமார் 85 சதவீதம் வெல்லும். ஐந்து பேர் எதிரே நின்றால் அது ஏறக்குறைய 50 சதவீதமாகிவிடும். பதுங்கினால் அந்த ஐந்து பேரையும் மலிவு விலையில் உள்ளே அழைக்கிறீர்கள். பிளைண்ட் (சீட்டு போடும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 100 என்றால் 300 ரெய்ஸ் செய்யுங்கள். முன்னால் கால் போட்ட ஒவ்வொருவருக்கும் இன்னொரு 100 கூட்டுங்கள். அவ்வப்போது பதுங்கி எதிரியைக் குழப்ப வேண்டும் என்ற அறிவுரை, உங்களைக் கவனித்து ஆடுபவர்கள் இருக்கும் மேசைக்கு. டீ குடித்துக்கொண்டே பட்டனைத் தட்டும் மச்சான் உங்கள் வழக்கத்தைக் குறித்துவைக்கப் போவதில்லை.

பிளாப்புக்கு (மேசையில் எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பிறகு தவறு தலைகீழாகிறது: விட வேண்டிய இடத்தில் விடுவதில்லை. 7, 8, 9 விழுகிறது. மூன்று பேர் கூடவே வருகிறார்கள். அடுத்த சீட்டு 6. இதுவரை கால் மட்டுமே போட்ட சாதுவான ஆள் திடீரென்று பெரிதாக ரெய்ஸ் செய்கிறார். நம்புங்கள், அவர் பொய் சொல்லவில்லை. ஒரு 10 அல்லது 5 வைத்திருந்தாலே அவருக்கு நேர்வரிசை (அடுத்தடுத்த ஐந்து சீட்டு); உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி. இவ்வளவு நேரம் காத்திருந்தேனே என்ற ஏக்கத்துக்கு, மேசை நடுவே குவிந்த சிப்ஸில் பங்கு கிடையாது. ஆனால் பிளாப் கிங், 8, 3 என்று சிதறி விழுந்து, அதே ஆள் கால் மட்டும் போட்டுவந்தால், மூன்று சுற்றும் பெட் போடுங்கள். கிங் வைத்திருப்பவர் கடைசிவரை வருவார்.

ஏஸ்-கிங் இன்னும் ஜோடியே ஆகாத கை. பிளாப்பில் மூன்றில் ஒரு முறைதான் சேரும். சேராவிட்டால், எதிரே ஒருவர் மட்டும் என்றால் ஒரு பெட் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேர் என்றால் செக், அதாவது பெட் போடாமல் முறையைக் கடத்திவிடுங்கள்.

கிங் ஜோடியில் பயம்தான் பிரச்சினை. பிளாப்பில் ஏஸ் விழுவது நான்கில் ஒரு முறைக்கும் சற்றுக் குறைவு. விழுந்ததுமே சிலர் கையை வீசிவிடுகிறார்கள். ஒருவர்தான் எதிரே, அவரும் செக் செய்துவிட்டார் என்றால் சிறிதாக ஒரு பெட் போடலாம். நான்கு பேர் இருந்து, ஒருவர் பெட் போட்டு இன்னொருவர் ரெய்ஸ் செய்தால் வீசிவிடுங்கள்.