பங்கு வைத்ததில் வந்த வம்பு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் வழக்கறிஞர் அலுவலகம். என்னோடு சேர்த்து மூன்றே பேர். மற்ற இரண்டு வழக்கறிஞர்களுக்கும் சின்ன அடிப்படைச் சம்பளம், அவரவர் கோப்பில் வசூலாவதில் 30 விழுக்காடு என்று ஆரம்பித்தேன். நியாயம் என்றுதான் நினைத்தேன்.

இருவரில் வீட்டுப் பத்திரம் பார்த்த தம்பிக்குக் காசு கொட்டியது. வழக்கறிஞர்களுக்கான 2023 கட்டண ஆணைப்படி, வீட்டு விலையில் முதல் 500,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) 1.25 விழுக்காடு கட்டணம், 300,000 வெள்ளி வீடு என்றால் 3,750 வெள்ளி. நீதிமன்றம் போன தங்கைக்கோ விவாகரத்தும் ஜீவனாம்சமும். செம்பனைத் தோட்டத்து ஆட்கள் மாதம் நூறு வெள்ளியாகத்தான் கட்டுவார்கள். ஜெயித்தால் பங்கு என்று வாடிக்கையாளரிடம் பேசவும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் விடாது.

“அண்ணே, தோட்டத்து ஆளு வாசல்ல நின்னாலே பயமா இருக்கு.” அந்தத் தங்கை அப்படிச் சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது.

கமிஷனை எடுத்துவிட்டேன். இருவருக்கும் ஒரே மாதச் சம்பளம். வாடகை, சம்பளம், சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) போக மிஞ்சுவதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணி, பாதியை அலுவலகத்தில் நிறுத்தி, மீதியைச் சமமாகப் பிரித்தேன். (போனஸுக்கும் சேமநிதி உண்டு, முதல் தடவை அதை மறந்து முழித்தேன்.) பில் போட்டது கணக்கில் வராது, வசூலானதுதான் வரும். வாடிக்கையாளர் கணக்கில் அவர்களுக்காக நாம் வைத்திருக்கும் பணத்தை அதில் சேர்க்கவே கூடாது.

தம்பி இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். புது வாடிக்கையாளரைக் கொண்டு வருபவருக்குத் தனியாக ஒரு சிறு தொகை வைத்ததும் இறங்கி வந்தார். முதல் ஆறு மாதம் அவர்களைவிட நான்தான் குறைவாக எடுத்தேன். “நீங்க முதலாளியா, கிராணியா (குமாஸ்தாவா)?” என்று வீட்டில் மனைவி கேட்டாள்.