பட்ஜெட் கணினிக்கு மதர்போர்டு: நெல்லை வெயிலைத் தாங்குமா பாருங்கள்

முதலில் பிராசசரை முடிவு செய்யுங்கள். போர்டு அதன் பிறகுதான். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் என்றால் ஏ520 வகை போர்டு போதும். அதில் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியாது. படிப்புக்கும் கணக்கு வேலைக்கும் அது தேவையுமில்லை. பி450 என்ற பழைய வகை போர்டு மலிவாகக் கிடைத்தால், அதன் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பைக் கேளுங்கள். பழைய பதிப்பென்றால் 5000 வரிசை பிராசசரோடு திரையே வராது. போர்டு போய்விட்டது என்று நினைத்துவிடுவோம்.

அடுத்து, பிராசசர் உட்காரும் சாக்கெட்டை ஒட்டியுள்ள விஆர்எம். பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராகத் தருவது இதுதான். மே மாதப் பாளையங்கோட்டையில், ஏசி இல்லாத அறையில், இது அளவுக்கு மீறிச் சூடேறினால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விஆர்எம் மேல் சூட்டை இழுத்து வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் உள்ள போர்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

ராம் ஸ்லாட் இரண்டு போதும். 16 ஜிபியை ஒன்றாக வாங்காமல் 8 ஜிபியாக இரண்டு போடுங்கள். இரண்டு ராம் சேர்ந்து ஓடும்போது வேகம் கூடும். 5600ஜியின் கிராபிக்ஸ் ராமையே பங்குபோடுவதால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைச் செருகும் எம்.2 ஸ்லாட் கட்டாயம்.

இன்டெல் ஐ3 12100 பிராசசருக்கு எச்610 வகை போர்டு சரி. அதில் பிராசசரைத் தொடும் சின்னஞ்சிறு பின்கள் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கும். கடையிலேயே சாக்கெட்டின் மூடியைக் கழற்றி, ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பின்னுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது.

உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்று உண்டு. கேபினெட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஐப்பசி இடிமழையில் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். அதன் வழியாகவும் மின்னல் போர்டுக்குள் இறங்கும்.