ஏ2 பைக் தேர்வு: டைனோ தாள் செல்லாது

பிரிட்டனில் நடுத்தரத் திறன் பைக்குகளுக்கான ஏ2 லைசென்ஸுக்கு, மாட்யூல் 1 என்ற முதல் கட்ட ஓட்டத் தேர்வுக்கு, பயிற்றுநர் உடன் வர, சொந்த பைக்கிலேயே போனேன். எஞ்சின் திறன் 54 கிலோவாட் உள்ள வண்டி. ஏ2-வுக்காக 35 கிலோவாட்டுக்குக் குறைத்திருந்தது. குறைத்ததற்கு அத்தாட்சி எங்கே என்றார் தேர்வாளர். எஞ்சின் திறனை எந்திரத்தில் அளந்து தரும் டைனோ சோதனைத் தாளை நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தேர்வு நடக்கவில்லை, கட்டணமும் போச்சு.

வண்டியே தகுதியில்லையோ என்று முதலில் கணக்குப் போட்டேன். குறைந்தது 395 சிசி, சரி. 20 முதல் 35 கிலோவாட்டுக்குள், சரி. வண்டி எடையில் கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது. அதாவது 35 கிலோவாட் என்றால் வண்டி 175 கிலோவாவது இருக்க வேண்டும். அதுவும் சரி. அசல் திறன் குறைத்த திறனின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது, 54 தாண்டவில்லை. ஆக, குறை வண்டியில் இல்லை, அத்தாட்சியில்தான். அப்புறம் இன்சூரன்ஸ்காரர்களிடம் அத்தாட்சி கேட்டேன். அவர்கள் தந்த மின்னஞ்சல் இதற்கு உதவாது.

வேண்டியது அதிகாரபூர்வ டீலர் மாதிரி ஒரு இடத்திலிருந்து லெட்டர்ஹெட்டில் கடிதம். டீலரிடம் வாங்கினேன். கிலோவாட் இருந்தது, கையெழுத்து இருந்தது. ஆனால் வண்டியை அடையாளம் காட்ட சேஸிஸ் எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள்! தேர்வாளர் பார்ப்பது நம்பர் பிளேட்டை. பதிவெண்ணும் திறனும் ஒரே தாளில் இருக்க வேண்டும். பதிவெண்ணைச் சேர்த்து மறுபடி அடித்துத் தரச் சொன்னேன்.

அடுத்த தேர்வில் பிளேட்டையும் கடிதத்தையும் ஒருமுறை ஒப்பிட்டார், அவ்வளவுதான். அடுத்த கட்டமான மாட்யூல் 2 தேர்வுக்கும் அதே கடிதத்தை எடுத்துப் போங்கள்.