ஸ்வெட்டரில் கையையும் உடம்பையும் ஒரே ஊசியில் சேர்ப்பது எப்படி?

திருநெல்வேலி வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் என்று கேட்பவர்கள் ஒரு தடவை மாஞ்சோலை, ஊத்து மலைப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். அதைவிட, பேரப்பிள்ளைகள் பெங்களூரிலும் டெல்லியிலும் இருக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை! பின்ன ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உடம்பை முடித்து, இரண்டு கையையும் முடித்து, மூன்றையும் சேர்க்கிற இடம் வந்ததும் பலரும் பயந்துபோய்ப் பையில் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். பயப்பட அங்கே ஒன்றுமில்லை, சேர்க்கும் சுற்று ஒன்றே ஒன்றுதான்.

நான் சொல்வது கீழிருந்து மேலாக, இரண்டு ஊசி முனைகளை ஒரு கேபிள் இணைக்கும் வட்ட ஊசியில் பின்னும் முறை. உடம்பு அக்குள் வரை ஒரு குழாய், கைகள் அக்குள் வரை இரண்டு சின்னக் குழாய்.

முதலில் கணக்கு. எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) என்ற பின்னல் ஆசிரியை பரப்பிய சதவீத முறைதான் எனக்குத் தெரிந்து ஆரம்பிப்பவர்களுக்கு ஆக எளிது. உடம்பின் கண்ணிகளை (ஊசியில் உள்ள நூல் வளையங்களை) 100 என்று வைத்தால், கையின் மேல்பகுதி 33, அக்குளில் ஒதுக்குவது ஒவ்வொரு பக்கமும் 8. நம் உதாரணம் 22 அங்குல மார்பளவுள்ள குழந்தைக்கு. அங்குலத்துக்கு 5 கண்ணி வருகிற நூலில் உடம்பு 120 கண்ணி, அதாவது தளர்வுக்கு 2 அங்குலம் சேர்த்து 24 அங்குலம். கை 40 கண்ணி. அக்குளுக்கு 10.

இந்த 10 எதற்கு? குழந்தை கையைத் தூக்கும்போது அக்குளில் துணி கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்வெட்டர் முழுக்க வயிற்றுக்கு மேலே ஏறிவிடும். அதனால் உடம்பில் 10, அதற்கு எதிரே கையிலும் 10, இரண்டையும் பின்னாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் ஒன்றோடொன்று தைக்கிறோம். உடம்பில் எத்தனையோ கையிலும் அத்தனை, இது மாறவே கூடாது.

கைகளைத் தயார் செய்யுங்கள். சுற்று ஆரம்பிக்கிற இடத்துக்கு 5 கண்ணி முன்னால் நிறுத்தி, முன்னால் 5, பின்னால் 5 என்று 10 கண்ணியையும் வேறு நிறப் பருத்தி நூலில் கோத்துவிடுங்கள். தையல் மெஷின் நூல் வேண்டாம், மெல்லிசாக இருப்பதால் கண்ணியை இறுக்கிவிடும். உல்லன் நூலை ஒரு முழம் விட்டு வெட்டுங்கள், அக்குள் தைக்க அதுதான் உதவும். இரண்டு கையும் இப்படியே.

உடம்பிலும் அதே மாதிரி, சுற்று முடிய 5 கண்ணி இருக்கும்போது நிறுத்தி, அந்த 5-ஐயும் அடுத்த சுற்றின் முதல் 5-ஐயும் ஒதுக்குங்கள். உடம்பு நூலை மட்டும் வெட்டவே வேண்டாம். இனி சேர்க்கலாம். மூன்றுக்கும் நல்ல பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். முதல் கையைப் பக்கத்தில் வைத்து, கையின் ஒதுக்கிய கண்ணிகளும் உடம்பின் ஒதுக்கிய கண்ணிகளும் முகத்துக்கு முகம் பார்க்கும்படி பிடியுங்கள். உடம்பு நூலாலேயே கையின் 30 கண்ணியைப் பின்னி, ஊசியில் ஒரு மார்க்கர் (அடையாள வளையம்). முன்பக்கம் 50, ஒரு மார்க்கர். அடுத்த 10-ஐப் பின்னாமல் ஒதுக்கி, இரண்டாவது கையின் 30, மார்க்கர். பின்பக்கம் 50, மார்க்கர்; இதை மட்டும் வேறு நிறத்தில் போட்டால் சுற்று ஆரம்பம் எங்கே என்று தேட வேண்டாம்.

இப்போது எண்ணுங்கள். 30, 50, 30, 50, மொத்தம் 160. நம் இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா 19-ஆம் நூற்றாண்டிலேயே பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். லேஸ், குரோஷா தெரிந்தவர்களுக்கு எண்ணிப் பார்ப்பது கையோடு வந்த பழக்கம், இங்கேயும் அது போதும்.

முதல் இரண்டு மூன்று சுற்று கை சேரும் மூலையில் இழுக்கும், முரண்டு பிடிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். வட்ட ஊசியின் கேபிளை அந்த மூலையில் ஒரு வளையமாக வெளியே இழுத்து விட்டுப் பின்னினால் இறுக்கம் குறையும். வழுக்காத மூங்கில் ஊசி இந்த இடத்துக்கு நல்லது. சித்திரை வெயிலில் கை வேர்த்தால் நூல் நகராது, மடியில் ஒரு துண்டு வைத்துத் துடைத்துக்கொண்டே பின்னுங்கள்.

உடனே கண்ணி குறைக்க ஆரம்பிக்காதீர்கள். 8 சுற்று சும்மா பின்னுங்கள், தோள் உயரம் சரியாக வரும். அப்புறம் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைக்கலாம். மார்க்கருக்கு 3 கண்ணி முன்னால் இரண்டைச் சேர்த்து நிட் (நேர்க்கண்ணி), ஒரு நிட், மார்க்கரைக் கடத்தி ஒரு நிட், அடுத்த இரண்டை நிட் பின்னுவதுபோல் ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு மாற்றி, பின்பக்கமாகச் சேர்த்து நிட். நாலு மார்க்கரிலும் செய்தால் சுற்றுக்கு 8 குறையும். சதவீத முறைப்படி கழுத்து 40, நமக்கு 48 கண்ணி. ஆனால் குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிசு, அதனால் நான் 64-லேயே நிறுத்தச் சொல்வேன். 12 தடவை குறைத்தால் 64 வந்துவிடும். அதிலிருந்து ஒரு நிட், ஒரு பர்ல் (எதிர்க்கண்ணி) என்று கழுத்துப்பட்டி ஒரு அங்குலம், பிறகு ரொம்பத் தளர்வாக முடியுங்கள்.

கடைசியாக அக்குள். உடம்பின் 10 ஒரு ஊசியில், கையின் 10 இன்னொரு ஊசியில், இணையாகப் பிடித்து, விட்டு வைத்த முழ நூலைத் தையல் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல்போல் நுழைத்து, கண்ணியை ஊசியிலேயே விட்டுவிட வேண்டும், பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட்போல் நுழைத்து, அதையும் ஊசியிலேயே விட்டுவிட வேண்டும். பிறகு முன் ஊசியில் நிட்போல் நுழைத்துக் கழற்று, அடுத்ததில் பர்ல்போல் நுழைத்து ஊசியிலேயே விடு. பின் ஊசியில் பர்ல்போல் நுழைத்துக் கழற்று, அடுத்ததில் நிட்போல் நுழைத்து ஊசியிலேயே விடு. கண்ணிகள் தீரும்வரை இந்த இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். இதுதான் கிச்சனர் தையல். நூலை இறுக்காமல், பக்கத்துக் கண்ணி அளவுக்கே இழுத்தால் தைத்த இடம் தெரியாது.

தைத்ததும் இரண்டு ஓரத்திலும் சின்ன ஓட்டை தெரியும், எல்லா ஸ்வெட்டரிலும் வருகிறதுதான். மிச்ச நூலால் உள்பக்கமிருந்து ஓட்டையைச் சுற்றியுள்ள நாலைந்து இழைகளை எடுத்துக் கோத்து, சுருக்குப்பை மாதிரி மெதுவாக இழுத்து முடிந்துவிடுங்கள்.