பானைக் கீறலைக் கணினியில் வரைவோம்: கிம்ப்பில் ஒரு முதல் பயிற்சி

கீழடி, கொடுமணல் அகழாய்வுப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் பானை ஓடுகளில் கீறிய குறிகள் பழக்கமாகியிருக்கும். மீன், ஏணி, சூலம், அம்பு என்று பல வடிவங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் கண்காட்சிக்குச் சுவரொட்டி செய்தபோது இவற்றில் சிலவற்றை வரைந்து தரக் கேட்டார்கள். ஒரே தடிமனில், வழவழப்பான கோட்டில் வரைந்து கொடுத்தேன். அச்சாகி வந்ததும் பார்த்தால், சாலையோரப் பலகைக் குறி போல இருந்தது. வடிவம் சரி, ஆனால் ஓட்டைக் கையில் பிடித்துக் கூர்முனையால் அழுத்திக் கீறிய ஒருவரின் கை அதில் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு வேலைகள். முதலில் குறியைச் சுத்தமாகப் படியெடுப்பது. அப்புறம் அதன் விளிம்பைச் சொரசொரப்பாக்குவது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் இரண்டுமே கெடும். மென்பொருள் கிம்ப் (GIMP). படங்களைத் திருத்த உதவுவது, விலையில்லாதது, விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். நான் சொல்லும் மெனுக்கள் 2.10 பதிப்பை ஒட்டியவை. 3.0-லும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

முதலில் ஓர் ஓடு

பயிற்சிக்கு அருங்காட்சியகம் தேவையில்லை. உடைந்த பூந்தொட்டிச் சில்லு ஒன்றை எடுத்து, ஆணியால் அதில் ஒரு மீனைக் கீறுங்கள். தொல்லியல் மேட்டில் கிடக்கும் ஓட்டை மட்டும் எடுத்து வராதீர்கள். அது கிடக்கும் இடமும் ஆய்வுக்கு ஒரு சான்று.

இந்த ஆணிக் கீறலை அவசரமாக முடித்துவிட வேண்டாம். கணினியில் பின்னால் செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் பாடம். சுட்ட மண்ணில் ஆணி வழுக்கும். தொடக்கத்தில் ஆழமாகப் பதிந்த கோடு முடியும் இடத்தில் மெலிந்து மறையும். வளைவு ஒரே வீச்சில் வராது; சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைந்து உடைந்துதான் திரும்பும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஓரம் பொரிந்து, சிறு செதில் பெயர்ந்து விழும். பானையைச் சுடுவதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போதே கீறியிருந்தால் கதை வேறு. அப்போது கோடு ஆழமாக, மெத்தென்று இருக்கும், ஒதுங்கிய மண் இரு ஓரத்திலும் வரப்பு போல எழும்பி நிற்கும். அதனால் நீங்கள் வரையப்போகும் குறி எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஈரத்தில் கீறிய குறிக்குச் சொரசொரப்பு கொஞ்சமே போதும். சுட்டபின் கீறியதற்குத்தான் முழு வேலையும்.

ஓட்டைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து கைபேசியில் படம் எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழ வேண்டும். காலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து வருமே, அது போதும். பிறகு ஓட்டை அரைச்சுற்று திருப்பி வைத்து இன்னொரு படம். ஒரு படத்தில் மட்டும் கருப்பாகத் தெரிந்து மற்றதில் காணாமல் போவது மேடு பள்ளத்தின் நிழல். இரண்டிலும் நிற்பதுதான் கீறல். படியெடுக்கும்போது 'இது கோடா, நிழலா' என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். அப்போது இந்த இரண்டாம் படம் கைகொடுக்கும்.

மேசையைத் தயார் செய்வது

கிம்ப்பில் முதல் படத்தைத் திறந்து, குறியைச் சுற்றிக் கொஞ்சம் இடம்விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். 'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்' போய் நீளப் பக்கத்தை 3000 பிக்சலாக மாற்றுங்கள். கீழே நான் தரும் எண்களெல்லாம் இந்த அளவுக்கானவை. 600 பிக்சல் படத்தில் அதே எண்ணைக் கொடுத்தால் கோடு சிதைந்தே போகும்.

லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்றது. வலப்பக்க லேயர் பட்டியலில் படத்தின் 'ஒபாசிட்டி'யை 50-க்குக் குறையுங்கள். படம் மங்கினால்தான் நீங்கள் வரையும் கோடு கண்ணுக்குத் துலங்கும். ஷிஃப்ட், கன்ட்ரோல், என் மூன்றையும் அழுத்தி, பின்னணி ஒளிபுகும்படி ஒரு புதிய லேயர் சேர்த்து அதற்குச் 'சுத்தம்' என்று பெயர் வையுங்கள். பெயர் வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்தாறு லேயர் ஆனபின் எது எது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

படியெடுத்தல்

தூரிகையால் படத்தின் மேலேயே வரைந்துவிடலாமே என்று தோன்றும். மவுஸைப் பிடித்துக்கொண்டு வரைந்தால் வரும் நடுக்கம் உங்கள் கையுடையது, ஓட்டில் இருப்பது வேறு ஒருவரின் கை. அதனால் 'பாத்ஸ்' டூலை எடுப்போம். விசைப்பலகையில் பி (B) அழுத்தினால் வரும். இது புள்ளிகளை வைத்து, அவற்றுக்கு நடுவே கோட்டை வளைக்கும் கருவி. தப்பானால் புள்ளியை நகர்த்திக்கொள்ளலாம், அழித்து வரைய வேண்டியதில்லை.

மீன் குறியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது வாலருகே வெட்டிக்கொள்ளும் இரண்டு வளைகோடுகள்தான். மேல் வால் நுனியில் ஒரு சொடுக்கு, மூக்கில் ஒரு சொடுக்கு. நடுவே நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் நடுப்பகுதியைப் பிடித்துக் கீழே இழுங்கள். கோடு வளைந்து மீனின் வயிறாகும். புள்ளிகளிலிருந்து நீளும் சிறு கைப்பிடிகளைத் திருப்பி, படத்தில் உள்ள வளைவோடு பொருத்துங்கள். கோடு கீறலின் நடுவில் ஓட வேண்டும், ஓரத்தில் அல்ல.

அடுத்த வளைவைத் தொடங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு கீழ் வால் நுனியில் சொடுக்குங்கள். ஷிஃப்ட் இல்லாவிட்டால் பழைய கோட்டின் தொடர்ச்சியாக இழுத்துக்கொண்டு போய்விடும். இதை முடிக்கும்போது முதல் கோட்டின் முனைப்புள்ளி மேலேயே சொடுக்காமல் ஒரு நூலிழை தள்ளி வையுங்கள். அதே புள்ளியைச் சொடுக்கினால் கருவி பழைய புள்ளியைத் தேர்ந்தெடுத்துவிடும். ஓட்டிலும் இரண்டு கோடுகள் மூக்கில் துல்லியமாகச் சந்திப்பது அபூர்வம்தான்.

புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இந்த மீனுக்கு நான்கு போதும். வளைவு பொருந்தவில்லை என்றால் மட்டும், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கோட்டின் மேல் சொடுக்கி ஒரு புள்ளி சேர்க்கலாம். புதிதாக வருபவர்கள் இருபது முப்பது புள்ளிகள் வைத்து ஒவ்வொரு நெளிவையும் பிடிக்கப் பார்ப்பார்கள். அந்த நெளிவெல்லாம் அடுத்த கட்டத்தின் வேலை.

எந்தக் கோட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது. 1960-ல் தொல்லியலாளர் பி.பி. லால் பானைக் கீறல்களையும் சிந்துவெளிக் குறிகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டு எழுதினார். அந்த ஒப்பீடு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஒப்பிடுவது வடிவத்தைத்தான். ஏணிக்கு ஒரு படி கூடினாலோ மீனுக்குள் ஒரு கோடு சேர்ந்தாலோ அது வேறொரு குறி. இரண்டாம் படத்தைப் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், அந்தக் கோட்டைத் தனி லேயரில் வரைந்து வையுங்கள். உடைந்த ஓட்டில் குறி பாதியோடு நின்றால், மீதியை ஊகித்து முடித்துவிடாதீர்கள். உடைப்போடு நிறுத்துவதுதான் நேர்மை.

இப்போது கோட்டுக்கு உடம்பு கொடுக்கலாம். 'மெஷர்' டூலால் கீறலின் அகலத்தை இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். 40 பிக்சல் அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டி (D) விசையை அழுத்தினால் முன்னணி நிறம் கருப்பாகும். 'சுத்தம்' லேயர் தேர்வில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாத்ஸ் டூலின் அமைப்புகளில் உள்ள 'ஸ்ட்ரோக் பாத்' பொத்தானை அழுத்துங்கள். அகலம் 40, 'லைன் ஸ்டைல்' பகுதியில் முனைகளை 'ரவுண்ட்' ஆக்குங்கள். சுத்தமான மீன் தயார்.

இந்த இடத்தில் கட்டாயம் எக்ஸ்சிஎஃப் (XCF) கோப்பாகச் சேமியுங்கள். லேயர்களைத் தனித்தனியாகவே வைத்திருக்கும் கிம்ப்பின் சொந்தக் கோப்பு அது. ஒருமுறை நான் சேமிக்காமல் இதே லேயர் மேலேயே சொரசொரப்பைச் செய்து மூடிவிட்டேன். மறுநாள் சுவரொட்டிக்குப் பெரிய அளவு கேட்டபோது மொத்தத்தையும் முதலிலிருந்து படியெடுக்க வேண்டியதாயிற்று.

சொரசொரப்பாக்குதல்

'லேயர்' மெனுவில் 'டிரான்ஸ்பரன்சி', அதற்குள் 'ஆல்ஃபா டு செலக்‌ஷன்'. மீனைச் சுற்றி எறும்பு வரிசை போலப் புள்ளிக்கோடு ஓடும். அடுத்து 'செலக்ட்' மெனுவில் 'டிஸ்டார்ட்'. வரும் பெட்டியில் நமக்கு மூன்று எண்கள் முக்கியம்.

'ஸ்ப்ரெட்' என்பது விளிம்பு எவ்வளவு தூரம் சிதற வேண்டும் என்பது. 'கிரானுலாரிட்டி' சிதறலின் துகள் அளவு. இதைக் கூட்டினால் பொடிப்பொடியான சொரசொரப்பு போய்ப் பெரிய பெரிய கடிகளாக வரும். 'ஸ்மூத்' அந்தக் கடிகளின் கூர்மையை மழுக்கும். பெட்டி திறக்கும்போதே 8, 4, 2 என்று இருக்கும். நம் 40 பிக்சல் கோட்டுக்கு அதுவே நல்ல தொடக்கம். சுட்டபின் கீறிய கோட்டுக்கு ஸ்ப்ரெட்டை 12 வரை ஏற்றிப் பாருங்கள். ஈரத்தில் கீறியதற்கு 3 அல்லது 4 போதும். ஸ்ப்ரெட் கோட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் குறியே தின்னப்பட்டுவிடும் என்பது என் கணக்கு.

ஒவ்வொரு முறையும் சிதறல் வேறு வேறாக வரும். பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோல் இசட் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். நான் ஒரு குறிக்கு நாலைந்து முறையாவது செய்து பார்ப்பேன்.

தேர்வு அப்படியே இருக்கும்போது 'கீறல்' என்று ஒரு புதிய லேயர் சேர்த்து, கன்ட்ரோலும் காற்புள்ளியும் அழுத்திக் கருப்பால் நிரப்புங்கள். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஏ அழுத்தித் தேர்வை நீக்கிவிட்டு, 'சுத்தம்' லேயரின் கண் குறியை அணையுங்கள்.

பார்த்தால் கொஞ்சம் உயிர் வந்திருக்கும். ஆனால் முழுதாக வரவில்லை. காரணம், கருவி எல்லா இடத்தையும் ஒரே அளவில் சிதைத்திருக்கிறது. ஆணி அப்படிச் செய்யவில்லையே. மீதியைக் கையால்தான் செய்ய வேண்டும்.

'கீறல்' லேயரில் வலச்சொடுக்கி, 'ஆட் லேயர் மாஸ்க்' தேர்ந்தெடுத்து, வெள்ளை மாஸ்க் ஒன்று சேருங்கள். மாஸ்க்கில் கருப்பால் பூசிய இடம் மறையும், வெள்ளையால் பூசினால் திரும்ப வரும். ஒன்றும் நிரந்தரமாக அழியாது என்பதால் தைரியமாகப் பூசலாம். தூரிகைப் பட்டியலில் 'சாக்' என்று தொடங்கும் சுண்ணக்கட்டித் தூரிகைகளில் ஒன்றை எடுத்து, அளவை 30 பிக்சல் பக்கம் வையுங்கள்.

ஓட்டின் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கோடு முடியும் நுனிகளில் இரு ஓரத்தையும் தேய்த்து மெலிய விடுங்கள். வளைவின் வெளி ஓரத்தில் ஆணி துள்ளிய இடங்களில் சின்ன வெட்டுகள். கோடு ஆழமாகத் தொடங்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அந்தக் கருமைதான் மெலிவை எடுத்துக்காட்டும். இரண்டு வளைவுகளும் வெட்டிக்கொள்ளும் வாலடியில் செதில் பெயர்ந்திருக்கும். அங்கே கருப்பு கூட வேண்டும், குறையக் கூடாது. அதற்கு மாஸ்க்கை விட்டு லேயருக்கே வந்து, கருப்பு நிறத்தில் ஒரு சிறு கறை வையுங்கள். இதைச் செய்யும்போது மீனின் மூக்கிலோ வாலிலோ இடைவெளி விழுந்து கோடு துண்டாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூலத்தில் இல்லாத துண்டிப்பும் மூலத்தில் இல்லாத கோட்டைப் போலப் பிழைதான்.

அடிக்கடி 1 விசையை அழுத்தி நூறு விழுக்காட்டுக்கு வாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாகத் தெரியும் பொரிவு, நிஜ அளவில் வெறும் அழுக்காகத் தெரிவதுண்டு.

பின்னணியில் மண் நிறம், விரிசல் எல்லாம் போட ஆசை வரும். நான் போடுவதில்லை. வெள்ளைத் தாளில் கருப்புக் குறி தனியாக நிற்கும்போது பார்ப்பவர் கண் கோட்டின் மேல் போகிறது.

கடைசியாக, படத்தின் லேயரையும் மறைத்துவிட்டு, 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்துப் பிஎன்ஜி கோப்பாக எடுங்கள். பின்னணி ஒளிபுகும்படியே இருக்கும், சுவரொட்டியில் எந்த நிறத்தின் மேலும் வைக்கலாம். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 3000 பிக்சல் பத்து அங்குலம் வரும். சுத்தமான வடிவத்தையும் தனியாக ஒரு பிஎன்ஜி எடுத்து, இரண்டையும் ஓட்டின் படத்தோடு ஒரே கோப்புறையில் போட்டுவிடுங்கள். கண்காட்சியில் யாராவது 'மூலத்தில் இந்தக் கோடு இருக்கிறதா' என்று கேட்டால் அங்கேயே திறந்து காட்டலாம்.